ஒரு பழைய வியாழக்கிழமையை ஒலிபரப்பிய கதை

எங்கள் எதிர்வீட்டார் தெருவில் நீட்டியிருந்த பட்டுப் பாவை அறுத்தது பள்ளிக்கூட வேன் அல்ல, நீங்கள்தான், இயக்குநர் அவர்களே. அறுத்ததோடு நிற்காமல் பழியை என் குரலின் மேல் ஏற்றிவிட்டு, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஆண்டு விழா மலருக்கு என்னிடமே கட்டுரை கேட்டு ஆள் அனுப்பினீர்கள். தலைப்பும் நீங்களே கொடுத்தீர்கள்: 'நம் வானொலி கடந்து வந்த பாதை'. ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாது. புகைப்படம் இணைக்க வேண்டும்.

பாதையைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியான ஆள் ஏது? எழுதிவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போடமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் வேறு இடத்தில் போடக் கொடுத்துவிட்டேன். புகைப்படம் இணைக்கவில்லை. ஆரணியில் என் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல்தான் தெரியும். பிரச்சினையே அதுதான்.

முதலில் வரலாறு. உங்களுக்கும் அது தெரியாது, நீங்கள் நேற்று வந்தவர்.

இந்த எஃப்.எம். நிலையம் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையில் தொடங்கியது. எதிரொலி வரக் கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினார்கள். தரையில் விரித்த கம்பளம் ஏதோ கல்யாண மண்டபம் வேண்டாம் என்று ஒதுக்கியது. மழை நாளில் அதிலிருந்து பழைய சாம்பார் வாசனை எழும். அந்த வாசனையில் உட்கார்ந்துதான் முதல் இயக்குநரான இயற்பியல் பேராசிரியர், அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று ஊருக்கு விளக்கினார். நல்ல மனிதர். ஊர் அதைக் கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறது என்று உண்மையாகவே நம்பினார். கேட்டவர்கள் அவருடைய மாணவர்கள் மட்டும். அவர்களும் மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்பார் என்ற பயத்தில் கேட்டார்கள்.

இது சமுதாய வானொலி, உள்ளூர் மக்கள் பேச வேண்டும் என்று விதியாம். பேராசிரியர்களே பேசிக்கொண்டிருந்தால் உரிமத்துக்கு ஆபத்து. ஆகவே உள்ளூர் மக்களில் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் நானானேன். தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். வாயிற்காவலர் உள்ளே விடமாட்டேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒலிப்பதிவு அறையிலிருந்து ஒருவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே ஓடிவந்தார். ஊரில் கல்யாணம், காதுகுத்துக்கு மைக்செட் போட்டுக்கொண்டிருந்தவர், அப்போதுதான் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"யாரும்மா அது, இந்தக் கத்து கத்தறது? உள்ள ரெக்கார்டிங்ல விழுது!"

"நான்தான். இன்னா இப்போ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேடியோல பேசறீங்களா?"

"மைக்கு எதுக்கு எனக்கு?"

"அதுவும் சரிதான். மைக் இல்லாமலே முட்ட அட்டைய தாண்டி வந்துச்சே!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள் நான். எங்கள் வீட்டில் 'காப்பி வேணுமா?' என்று கேட்பதே சண்டை மாதிரிதான் கேட்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் முதலில் படித்தது சமையல் குறிப்பு. எழுதிக் கொடுத்தவர் கணிதத் துறைப் பேராசிரியர். ரசம் வைப்பதற்கு அவர் சொன்ன வழியில் வைத்தால் என்ன கிடைக்கும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்படியே போயிருந்தால் நிலையம் தன் பாட்டுக்குப் பேசிவிட்டு ஓய்ந்திருக்கும். அதைக் காப்பாற்றியது ஒரு ஆட்டோ.

ஆரணியில் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். இது ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. அதை முழுதாக விரிக்க எந்த வீட்டிலும் இடம் கிடையாது. தெருவின் நீளவாக்கில் இங்கே ஒரு முளை, தள்ளி அங்கே ஒரு முளை அடித்து, நடுவில் இழைகளை இழுத்துக் கட்டுவார்கள். நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். அதுவரை அந்தத் தெருவில் வண்டி போகக் கூடாது. சைக்கிளும் கூடாது. நாய் வந்தால்கூட வேலையை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவார்கள். எந்தத் தெருவில் எப்போது நீட்டுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. தூறல் விழுமா, காற்று அடிக்குமா, ஆள் வருவார்களா என்று பார்த்து விடிகாலையில்தான் முடிவு செய்வார்கள்.

ஒரு நாள் காலை நான் ஏறிய ஆட்டோ ஒரு தெருவுக்குள் போனது, பாவு. திரும்பி அடுத்த தெருவுக்குள் போனது, பாவு. அதற்கடுத்த தெருவிலும் பாவு. நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மைக்செட்காரர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் எரிச்சலில் சமையல் குறிப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்துவிட்டேன். எந்தெந்தத் தெருவில் பாவு நீட்டியிருக்கிறது, எதில் போனால் மாட்டிக்கொள்வீர்கள், எந்தத் தெரு காலியாகக் கிடக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ரசத்துக்கு வந்தேன்.

ரசத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் நிலையத்தின் தொலைபேசி முதல் தடவையாக அடித்தது. பேசியவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். "அக்கா, நீங்க சொன்ன வழியில வந்தேன். சர்னு வந்துட்டேன். நாளைக்கும் சொல்லுவீங்களா?"

இயற்பியல் பேராசிரியர் அணுவை மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, காலை ஆறு மணியை எனக்குக் கொடுத்தார். 'தெரு நிலவரம்' அப்படித்தான் பிறந்தது. உங்கள் மலரில் இது எந்தத் தொலைநோக்குத் திட்டத்தில் உருவானது என்று போடப் போகிறீர்களோ தெரியாது. இது உருவானது என் எரிச்சலில்.

பிறகு பாவு நீட்டுகிறவர்களே போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

"அக்கா, குளக்கரைத் தெரு. பாவு போட்டுகினு கீறோம். ஜல்தி சொல்லிடு. நேத்து மாரி பாட்டு போட்டுட்டு அப்புறம் சொல்லாத. பாட்டு முடியறதுக்குள்ள பால்காரன் வந்துட்டான்."

"வந்து?"

"வந்து இன்னா, வண்டியோட தூக்கி அந்தப் பக்கம் வெச்சோம். பால் ஊத்திக்கிச்சு. அவன் இப்ப எங்களுக்குப் பால் ஊத்தமாட்டேங்கறான்."

பெண் பார்க்க வருகிறவர்களின் காரை எந்தத் தெரு வழியாக அழைத்து வருவது என்று பெண் வீட்டார் கேட்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிற வேன்காரர்கள் கேட்டார்கள். ஒருவர் தன் தெருவில் பாவு இருக்கிறது என்று பொய்யாகச் சொல்லச் சொன்னார். கடன் கொடுத்தவர் வண்டியில் வருகிறாராம். மாட்டேன் என்றேன். அதுதான் அந்த நிகழ்ச்சியின் ஒரே சட்டம்: தெருவில் இருப்பதைத்தான் சொல்வேன், அன்றைக்கு இருப்பதைத்தான் சொல்வேன். தறியில் ஒரு ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டிருப்பவரிலிருந்து வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் நம்பியது அதை. என் அழகான உச்சரிப்பை அல்ல.

பேராசிரியர் ஓய்வு பெற்றார். நீங்கள் சென்னையிலிருந்து வந்தீர்கள்.

வந்ததும் முட்டை அட்டையைப் பிய்த்துவிட்டு நுரைப்பலகை ஒட்டினீர்கள். கம்பளத்தை மாற்றினீர்கள். சாம்பார் வாசனை போனது. இதற்கெல்லாம் நன்றி. பிறகு கூட்டம் போட்டு, நம் நிலையத்துக்கு ஒரு 'பிராண்ட்' வேண்டும் என்றீர்கள். மைக்செட்காரர் என் காதருகில் குனிந்து, "காப்பித் தூள் விக்கப் போறாரா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

கல்லூரி விழா மேடையில் நீங்கள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. 'தேவிகாபுரம், சேத்துப்பட்டு, வந்தவாசி வரை நம் குரல் மணியாக ஒலிக்கிறது' என்றீர்கள். மணியாக! தேவிகாபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். பாதி வழியிலேயே என் குரல் கரகரத்துச் செத்துப்போய், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட சத்தம்தான் வரும். வந்தவாசியில் அந்த அப்பளமும் கிடையாது. இதை அப்போது நான் சொல்லவில்லை. மேடையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வாசகர்கள் இந்த வந்தவாசியை நினைவில் வைத்துக்கொள்ளவும். பிறகு வேலை இருக்கிறது.

அடுத்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மேடம், டெய்லி விடிகாலைல ஏன் வரீங்க? சனிக்கிழமை ஒரு நாள் வாங்க. ஒரே சிட்டிங்ல வாரம் முழுக்க ரெக்கார்ட் பண்ணிடலாம். கம்ப்யூட்டர் அதுவே போட்டுக்கும்."

"சார், அடுத்த வியாழக்கிழமை எந்தத் தெருவுல பாவு போடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ரஃப் எஸ்டிமேட் போதும்."

"பாவு போடறவங்களுக்கே தெரியாது சார். வானத்தப் பாத்துட்டுதான் போடுவாங்க."

"ஒரு பேட்டர்ன் இருக்கும் மேடம். பழைய ரெக்கார்டிங் எல்லாம் எடுத்துப் பாத்தா பேட்டர்ன் தெரிஞ்சிடும்."

"சரி சார். அப்ப வானத்துக்கும் ஒரு சிட்டிங் வெச்சிடுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்தீர்கள். நான் முடியாது என்று சொன்னேன். முன்கூட்டியே பேசி வைக்கமாட்டேன் என்று தெளிவாகச் சொன்னேன். மைக்செட்காரர் பக்கத்தில் இருந்தார், கேட்டார்.

அதன் பிறகு என் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. வந்தவாசியில். நானும் வீட்டுக்காரரும் புதன்கிழமை மத்தியானமே கிளம்ப வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாள் வரமாட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். அந்த இரண்டு நாளும் போனை எடுத்து மைக்செட்காரரே தெருக்களின் பெயரைப் படிக்கட்டும் என்றும் சொன்னேன். ஊர் முழுக்க மைக் கட்டியவர், எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் உதட்டைப் பிதுக்கினீர்கள். "அவர் வாய்ஸ் செட் ஆகாது மேடம். இந்த ப்ரோக்ராமோட பிராண்டே உங்க வாய்ஸ்தான். நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்க. நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டீர்கள்.

இனி நான் சொல்லப்போவது நான் நேரில் பார்த்தது அல்ல. ஆனால் தெருவில் ஆளாளுக்கு என் முகத்துக்கு நேராகவே சொன்னதால், நேரில் பார்த்த மாதிரிதான்.

வியாழன் காலை வானம் வெளுப்பாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பாவு நீட்ட முடிவு செய்தார்கள். அந்த வீட்டு ஆள் ஒருவர் நிலையத்துக்குப் போன் செய்து தெருப் பெயரைச் சொன்னார். எடுத்தது வாயிற்காவலர். சரி என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார், என்னை உள்ளே விடுவதற்கு மட்டும்தான் சரி என்று சொல்லவில்லை. இவர்கள் முளை அடித்து, பாவை இழுத்துக் கட்டி, இழை முடியத் தொடங்கினார்கள். அது முகூர்த்தச் சேலைக்கான பாவு. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் திட்டில் ரேடியோவை வைத்திருந்தாள், எங்கள் தெருப் பெயர் அதில் வருகிறதா என்று கேட்பதற்காக.

ஆறு மணி ஆனது. ரேடியோவில் நான் வந்தேன்.

'வணக்கம். இன்னிக்கு வியாழக்கிழமை. தெரு நிலவரம். குளக்கரைத் தெருவுல பாவு போட்டிருக்காங்க, யாரும் போகாதீங்க. வண்டிக்காரங்க எல்லாம் எங்க தெரு வழியா வாங்க, சும்மா காலியா கிடக்கு.'

கையில் இழையோடு தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"இன்னாடி இவ, காலிங்கறா? நாம யாரு அப்போ?"

"எங்க இருந்துகினு பேசறா? வீடு பூட்டிக் கெடக்கே!"

"அந்தப் போனப் போடுங்க, அவளுக்கு..."

போன் போடவில்லை. அதற்குள் பள்ளிக்கூட வேன் திருப்பத்தில் வந்துவிட்டது. அதே ஓட்டுநர், முதன்முதலில் எனக்குப் போன் செய்தவர். வருடக்கணக்கில் நான் காலி என்று சொன்ன எந்தத் தெருவும் காலி இல்லாமல் இருந்ததில்லை. ஆகவே வேகத்தைக் குறைக்காமல் திரும்பினார். நீட்டிய பாவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லிசு. ஆட்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. வேன் நின்றபோது பாவு முழுவதும் முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாக. வேனில் இருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்களாம்.

ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னது ஒரே வார்த்தைதான்: "அக்காதான காலின்னு சொன்னாங்க!"

இது நடந்துகொண்டிருந்தபோது நான் வந்தவாசியில் வளையல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ரேடியோ இருந்தது. உங்கள் மேடைப் பேச்சின்படி அதில் என் குரல் மணியாக ஒலித்திருக்க வேண்டும். ஒலித்திருந்தால் நானே என் பொய்யைக் கேட்டிருப்பேன், அந்த நிமிடமே எதிர்வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பேன். என் கத்தல் முட்டை அட்டையைத் தாண்டும். நீங்கள் சொன்ன வந்தவாசியைத்தான் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளைகாப்புச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு தெருவில் நுழைந்தேன். வழக்கமாக, ஊருக்குப் போய்வந்தால் பையைப் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் யாரும் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் புளிசாதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வண்டிய எடுங்கன்னு சொன்னதுக்கா இந்த வேல பண்ண?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. போன மாதம் எங்கள் வீட்டு ஸ்கூட்டரை அவர்கள் முளை அடிக்கும் இடத்தில் நிறுத்தியதற்காக எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. அதை வைத்துக்கொண்டுதான் மைக்கில் பழி வாங்கிவிட்டேன் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது.

"நான் வந்தவாசில இருந்தேன். நான் பேசவே இல்ல!"

"நீ பேசல, உன் தொண்ட மட்டும் பேசிச்சா? போறதுக்கு முன்னாடி வாய்க்கு வந்தத ரெக்கார்டு பண்ணி வெச்சிட்டுப் போயிட்ட."

யோசித்துப் பாருங்கள், இயக்குநர் அவர்களே. எதைச் செய்யமாட்டேன் என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேனோ, அதையே செய்ததாக என் மேல் பழி. நானும் அவளை விடவில்லை.

"குளக்கரைத் தெருவுல பாவுன்னு வந்துச்சில்ல? அங்க சாக்கட தோண்டிப் போட்டு எத்தன மாசம் ஆவுது! பாவு இன்னா, பாய் விரிக்க முடியுமா? அது பழைய பேச்சுடி!"

"அப்போ ரெண்டு பொய் சொல்லிகீற."



"சாமி சத்தியமா..."

"சாமியெல்லாம் வேணாம். ரேடியோல சொல்லு. ரேடியோல வந்தா நம்பறேன்." கதவைச் சாத்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை நிலையத்துக்குப் போனேன். வாயிற்காவலர் இந்த முறை பேசாமல் வழிவிட்டார். மைக்செட்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பழைய பதிவுகள் எல்லாம் கிழமை வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. திங்கள், செவ்வாய், புதன், எல்லாம். நீங்கள்தான் பிரிக்கச் சொன்னீர்களாம். வியாழனுக்கு ஒரு பழைய வியாழன், வெள்ளிக்கு ஒரு பழைய வெள்ளி. கிழமை சரியாக இருந்தால் தெருவும் சரியாக இருக்கும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. சந்தைக்குக் கிழமை உண்டு, பேருந்துக்கு நேரம் உண்டு, அதுபோல் பாவுக்கும் ஏதோ அட்டவணை இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள்.

"நான் வேணாம்னேன்," என்றார் மைக்செட்காரர். "கேக்கல. விஷயம் தெரிஞ்சதும் வெள்ளிக்கிழமை அத நிறுத்திட்டு சாமிப் பாட்டு போட்டேன்."

"இத வந்து எங்க தெருவுல சொல்லுங்க."

அவர் ஹெட்போன் வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "கல்யாணத்துக்கெல்லாம் இப்ப டிஜேதான் கூப்பிடறாங்க. எனக்கு இந்த வேல வேணும்மா."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் உங்கள் மேல் இருக்கும் அளவு இல்லை.

உங்கள் அறைக்கு வந்தேன். தண்ணீர் கொடுத்தீர்கள். "டெக்னிக்கல் எரர் மேடம்" என்றீர்கள்.

"எரர் இல்ல சார். நீங்க போடச் சொன்னீங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"பாவு போச்சு. என் பேரு போச்சு."

"பாவுக்கு ஏதாவது பண்ணலாம். காலேஜ்ல பேசறேன்."

"அவங்களுக்கு நீங்க பண்ண வேண்டியத பண்ணுங்க. எனக்கு வேண்டியது ஒரு வரி சார். காலைல ஆறு மணிக்கு, அன்னிக்கு ஓடினது பழைய ரெக்கார்டிங், அந்தம்மா பேசலன்னு சொல்லுங்க. போதும்."

அப்போதுதான் நீங்கள் அந்த அருமையான காரணத்தைச் சொன்னீர்கள். சமுதாய வானொலிகளுக்கு ஏதோ விருது கொடுக்கிறார்களாம். நம் நிலையத்தின் சார்பில் போட்டிக்குப் போயிருப்பது எது? 'தெரு நிலவரம்'தான். 'மக்களின் நம்பிக்கையைப் பெற்ற நேரலை நிகழ்ச்சி' என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் அது நேரலை இல்லை என்று நாமே சொன்னால் நன்றாக இருக்காதாம். "நெகட்டிவா போய்டும் மேடம்." அதற்குப் பதிலாக ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுப்பதாகச் சொன்னீர்கள். மலரில் ஒரு பக்கமும் கொடுத்தீர்கள்.

சால்வை எதற்கு? அதைப் போர்த்திக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால் என்ன சொல்வார்கள்? பாவை அறுத்ததற்குப் பரிசு என்பார்கள்.

அன்றிலிருந்து நான் நிலையத்துக்கு வரவில்லை. ஆறு மணிக்கு நீங்கள் ராசிபலன் போடுகிறீர்கள். அதை வாரம் முழுக்க ஒரே சிட்டிங்கில் ரெக்கார்டு செய்யலாம், யார் வண்டியிலும் எதுவும் சுற்றிக்கொள்ளாது. வசதியாகத்தான் இருக்கும்.

வேன் ஓட்டுநர் இப்போது ரேடியோ போடுவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேனை நிறுத்தி, இறங்கி, தெருமுனை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஓட்டுகிறார். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து கத்துகிறார்கள். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். முன்பெல்லாம் ஹாரன் அடிப்பார். எதிர்வீட்டில் வேறு பாவு போட்டார்கள். முளை அடிக்கும்போது என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துத் தூரமாக நிறுத்தினார். நான் இழை பிடிக்கப் போனேன். எங்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும் கை சும்மா இருக்கிறவர்கள் போய் நிற்பது வழக்கம். எதிர்வீட்டுக்காரி என் கையிலிருந்த இழையை வாங்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை எழுதாமல் இருந்திருப்பேன்.

நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை, ரேடியோவில் சொல் என்கிறார்கள். அந்த ரேடியோவை அவர்கள் நம்புகிற அளவுக்குக் கொண்டுவந்தவள் நான். சாவி உங்களிடம் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன், தனியாக உங்கள் அறையில் அல்ல, எல்லோரும் படிக்கும்படி கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒலித்தது யாருடைய முடிவு? நான் அன்று பேசினேனா, பேசவில்லையா? இதற்கான பதிலை மலரில் போட வேண்டாம், எனக்குக் கடிதமாக அனுப்ப வேண்டாம், மைக்செட்காரரை விட்டுச் சொல்ல வைக்க வேண்டாம். ராசிபலனை ஒரு நாள் நிறுத்திவிட்டு, ஆறு மணிக்கு மைக்கின் முன்னால் நீங்களே உட்கார்ந்து, உங்கள் சொந்தக் குரலில், நேரலையாகச் சொல்லுங்கள். முந்தின நாளே பதிவு செய்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். எங்கள் தெருவில் ஜன்னல் திட்டில் அந்த ரேடியோ இன்னும் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி அதைப் போடுவாள், நான் வாசலில் நிற்பேன். சொல்லுங்கள்.